எல்லாருக்கும் தெரிந்தவள், யாருக்கும் பிடிக்காதவள்: டீன் நாவல்களின் பாப்புலர் பெண் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டீன் நாவல்களில், அதாவது பதின்பருவத்தினரைப் பற்றிய நாவல்களில், திரும்பத் திரும்ப வரும் ஒரு பெண் உண்டு. பள்ளியில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. சுற்றி எப்போதும் மூன்று நான்கு தோழிகள். யார் எங்கே உட்காரலாம், எந்த உடையைப் பார்த்துச் சிரிக்கலாம், நாளையிலிருந்து யாரோடு பேசக்கூடாது என்பதையெல்லாம் அவள் முடிவு செய்வாள். நாயகியை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துவாள். கடைசி அத்தியாயத்துக்குள் அவளும் ஒருமுறை அவமானப்படுவாள். நாமும் திருப்தியாகப் புத்தகத்தை மூடிவிடுவோம்.

இவளைப் பற்றி வாசகர்களும் புதிதாக எழுத ஆரம்பித்தவர்களும் கேட்கிற கேள்விகள் இவை. பதில்களில் சில நாவல்களின் முக்கியமான திருப்பங்கள் வருகின்றன. இனிமேல்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் நாவலின் பெயரைப் பார்த்ததும் அந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

எல்லாரையும் அழவைப்பவளே அவள்தான். அவள் மேல் எதற்கு இரக்கப்பட வேண்டும்?

கட்டாயம் ஒன்றும் இல்லை. சில நாவல்களில் அவள் வெறும் தடைக்கல். நல்ல உடை போட்ட தடைக்கல். அங்கே இரக்கப்படுவதற்கு உள்ளே ஆளே இருக்காது.

ஆனால் கொஞ்சம் கவனமாக எழுதப்பட்ட நாவலில் அவளை ஒதுக்கிவிட்டுப் படித்தால் கதையில் பாதி கைநழுவிவிடும். தோழிகள் ஏன் வாய் திறப்பதில்லை, நாயகி ஏன் அவளை வெறுத்துக்கொண்டே அவள் மேசையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஆசிரியர்களுக்கு ஏன் எதுவும் தெரியாமலே போகிறது என்பதெல்லாம் அவள் இருக்கும் இடத்தைப் புரிந்துகொண்டால்தான் விளங்கும். அதனால் அவளுக்குள் ஒளிந்திருக்கும் 'நல்ல மனசை'த் தேடிப் போக வேண்டாம் என்பது என் கட்சி. அந்த இடத்தில் நிற்க அவள் என்ன கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று மட்டும் பாருங்கள். இரக்கம் வருவதானால் அந்த வழியாகத்தான் வரும்.

பாப்புலர் என்றால் எல்லாருக்கும் பிடித்தவள் என்றுதானே பொருள்? பிறகு எப்படி யாருக்கும் பிடிக்காதவளாக இருக்கிறாள்?

இது நாவலாசிரியர்களின் கற்பனை இல்லை. ஆய்வாளர்கள் இதை ரொம்ப நாளாகப் பார்த்துவருகிறார்கள். 1998இல் ஜெனிஃபர் பார்க்ஹர்ஸ்ட், ஆண்ட்ரியா ஹாப்மெயர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் மனதார விரும்புகிறவர்கள் வேறு, 'அவங்கதான் பாப்புலர்' என்று கைகாட்டப்படுகிறவர்கள் வேறு என்று பிரித்துப் பார்த்தார்கள். சிலர் இரண்டு பட்டியலிலும் இருந்தார்கள். பலர் ஒன்றில் மட்டும்தான் இருந்தார்கள். பாப்புலர் என்று பெயர் வாங்கியும் பெரிதாக விரும்பப்படாதவர்களைப் பற்றிச் சக மாணவர்கள் சொன்னது, அதிகாரம் செய்பவர்கள், சண்டைக்கு வருபவர்கள், தலைக்கனம் பிடித்தவர்கள் என்பதுதான். நம் நாவல் பெண்ணை அச்செடுத்தது போல இருக்கிறது.

அதற்கும் முன்னால், 1985இல், டோனா ஈடர் என்ற சமூகவியலாளர் அமெரிக்கப் பள்ளி ஒன்றில் பெண்களின் நட்பு வட்டங்களைக் கூடவே இருந்து கவனித்து எழுதிய கட்டுரை இதைவிட நுணுக்கமானது. அவர் கண்டது ஒரு சுழற்சி. ஒரு பெண் விளையாட்டு உற்சாகக் குழுவிலோ (சியர்லீடிங்) வேறு எதிலோ சேர்ந்து எல்லார் கண்ணிலும் படுகிறாள். முதலில் எல்லாருக்கும் அவளைப் பிடிக்கிறது, எல்லாரும் அவளோடு நட்பாக வருகிறார்கள். இருப்பது ஒரு நாள், ஒரு மதிய இடைவேளை. வருகிற எல்லாருக்கும் அவளால் நட்பைத் திருப்பித்தர முடியாது. போதாததற்கு, கீழே இருப்பதாகக் கருதப்படும் பெண்களோடு பழகினால் அவள் மதிப்பும் இறங்கும். அதனால் அவள் சிலரைத் தவிர்க்கிறாள். தவிர்க்கப்பட்டவர்கள் 'திமிர் பிடித்தவள்' என்கிறார்கள். கொஞ்ச நாளில் பள்ளியே அப்படித்தான் சொல்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, அவள் இன்னும் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. திமிர் பிடித்தவள் என்ற பெயர் வாங்க அவள் திமிராக நடந்துகொள்ளக்கூட வேண்டியதில்லை. பெயர் விழுந்த பிறகு அதற்கேற்ற மாதிரி நடந்துகொள்ள ஆரம்பிக்கிறாளா இல்லையா என்பதில்தான் நாவலாசிரியருக்கு வேலை இருக்கிறது.

உச்சியில் இருப்பவளுக்கு அப்படி என்ன பயம்?

அவள் உண்மையிலேயே உச்சியில் இருக்கிறாளா என்று முதலில் பாருங்கள்.

2011இல் ராபர்ட் ஃபாரிஸ், டயான் ஃபெல்ம்லீ இருவரும் அமெரிக்க மாணவர்களின் நட்பு வலைகளை வரைந்து, யார் யாரைச் சீண்டுகிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். மேலே ஏற ஏறச் சீண்டல் கூடியது. ஆனால் மிக உச்சியில் இருந்த சிலரிடம் அது இறங்கியது. ஏறுகிறவர்களுக்குத்தான் அது தேவைப்பட்டது, ஏறி முடித்தவர்களுக்குத் தேவைப்படவில்லை என்று இதைப் படிக்கலாம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு நாவலுக்குத் திரும்பினால் அந்தப் பெண் வேறு மாதிரி தெரிவாள். இவ்வளவு பாடுபட்டுக் கொடுமை செய்கிறாள் என்றால் தன் இடம் கெட்டியாக இல்லை என்று அவளுக்கே தெரிகிறது. இசை நாற்காலி விளையாட்டில் உட்கார்ந்திருக்கும்போதே அடுத்த சுற்றுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பவள் அவள். கேன்டீனுக்குள் நுழைந்ததும் அவள் கண் முதலில் போவது தன் நாற்காலியில் வேறு யாராவது இருக்கிறார்களா என்றுதான். தோழிகளில் இரண்டு பேர் குசுகுசுவென்று பேசினால் அவளுக்குச் சோறு இறங்காது. அவள் சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அப்படியானால் அவளுக்கு நிஜமாகவே சிரிப்பு வரவைக்க அங்கே யார் இருக்கிறார்கள்?

இந்த இடத்துக்கு ஆயுளும் குறைவு. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜோசஃப் ஆலன் குழு 13 வயதிலிருந்து 23 வயதுவரை ஒரே இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்து 2014இல் முடிவுகளை வெளியிட்டது. வயதுக்கு மீறிப் பெரியவர்கள் மாதிரி நடந்து சீக்கிரமே 'கூல்' ஆனவர்களின் மவுசு பதின்பருவம் முடிவதற்குள் கரைந்துவிட்டது. 23 வயதில் உறவுகளிலும் குடியிலும் அவர்களுக்குச் சிக்கல்கள் அதிகம் இருந்தன. எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும் என்று இல்லை. ஆனால் 'என்றைக்கும் ராணி' என்று நாயகி நினைக்கிறாளே, அது நாயகியின் பயம். நிலவரம் வேறு.

இவளைப் பற்றி நமக்குச் சொல்வதே அவளால் பாதிக்கப்பட்ட நாயகிதானே? அந்தச் சாட்சியத்தை எவ்வளவு நம்பலாம்?

நல்ல கேள்வி. நிறைய டீன் நாவல்கள் 'நான்' என்று பேசுபவை. 'நான்' பொதுவாக ஓரத்தில் உட்கார்ந்திருப்பவள். அவள் பொய் சொல்கிறாள் என்று சொல்லவில்லை. அவளுக்குத் தெரிவது கேன்டீன் தூரத்திலிருந்து தெரிவது மட்டும்தான்.

ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். பாப்புலர் பெண் வரும் பக்கங்களை மட்டும் திரும்பப் படியுங்கள். அவள் சொன்னது, செய்தது இரண்டையும் வைத்துக்கொண்டு, கதைசொல்லி சேர்த்த விளக்கங்களை எடுத்துவிடுங்கள். 'ஏளனமாகப் பார்த்தாள்' என்பதில் 'பார்த்தாள்' மட்டும் மிஞ்சும். 'வேண்டுமென்றே என்னைக் கடந்து போனாள்' என்பதில் 'கடந்து போனாள்'. சில நாவல்களில் இப்படி உரித்த பிறகும் நிஜமான கொடுமை மிச்சம் இருக்கும். சிலவற்றில் பாதிக்கு மேல் ஆவியாகிவிடும். அந்த வகை நாவல்களில் வாசகருக்குப் பிடிக்காமல் போனது அந்தப் பெண்ணா, அவள் தலைமுடியா என்று எனக்குச் சந்தேகம் வந்ததுண்டு.

அவள் வீட்டுச் சோகத்தைக் காட்டும் ஃபிளாஷ்பேக் வந்ததும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எனக்கு மனசாட்சி இல்லையா?

இருக்கிறது. எரிச்சல் நியாயமானது. முன்னூறு பக்கம் வதைத்துவிட்டு, கடைசியில் குடிகார அப்பா, எதிலும் திருப்திப்படாத அம்மா என்று ஒரு பக்கத்தில் கணக்கை நேர் செய்யப் பார்க்கிறார்கள். வாசகருக்கு அது லஞ்சம் மாதிரி தெரிகிறது. குடிகார அப்பாவோடு வளர்ந்து யாரையும் வதைக்காத பிள்ளைகள் பள்ளி நிறைய இருக்கிறார்களே! சோகம் அவளைப் பற்றிய ஒரு செய்தி, அவ்வளவுதான். அவள் செய்த அந்தக் குறிப்பிட்ட காரியத்தோடு அது ஒட்டினால்தான் பயன்.

ஒட்டவைத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு லாரன் ஆலிவரின் 'பிஃபோர் ஐ ஃபால்' (2010) நல்ல உதாரணம். அதில் லிண்ட்சே என்ற பெண்தான் கோஷ்டித் தலைவி. ஜூலியட் என்ற பெண்ணை அவள் வருடக்கணக்காகக் கேலிப்பொருளாக வைத்திருக்கிறாள். பிறகுதான் தெரிகிறது, சிறுவயதில் இருவரும் நெருங்கிய தோழிகள். ஒரு முகாமில் இரவு படுக்கையை நனைத்தது லிண்ட்சே. மாட்டிக்கொள்ளும் நேரத்தில் பழியை ஜூலியட் மேல் போட்டாள். ஜூலியட் மறுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து, உண்மை தெரிந்த அந்த ஒரே ஆளை யாரும் நம்பாதபடி வைத்திருப்பது லிண்ட்சேக்குத் தினசரி வேலை ஆகிவிட்டது.

இந்த ஃபிளாஷ்பேக் அவள் குற்றத்தைக் குறைக்கவில்லை, கூட்டுகிறது. அதே மூச்சில், ஒரு குழந்தையின் வெட்கம் இவ்வளவு தூரம் வளர்ந்து வந்திருப்பதும் தெரிகிறது. கோபமும் இரக்கமும் ஒரே செய்தியிலிருந்து கிளம்புகின்றன.

இதையே ஒரு பையன் செய்தால்?

'தலைவன்' என்பார்கள். இல்லாவிட்டால் 'கெத்து' என்பார்கள். அடித்தால் மட்டும் வில்லன். பெண் பாத்திரத்துக்குப் புருவம் உயர்த்தினாலே போதும். முழுக்க இதை ஓரவஞ்சனை என்று தள்ளிவிடவும் முடியாது. பேசாமல் இருப்பது, வதந்தி கிளப்புவது, கூட்டத்திலிருந்து வெட்டிவிடுவது ஆகியவை உண்மையிலேயே காயப்படுத்துகின்றன. நிக்கி கிரிக், ஜெனிஃபர் க்ரோட்பீட்டர் இருவரும் 1995இல் உறவு வழியாகச் செய்யும் இந்த வன்முறையைத் தனியாக எடுத்து ஆராய்ந்த பிறகு, 'பெண் பிள்ளைகளின் சில்லறைச் சண்டை' என்று சொல்லித் தப்பிப்பது கடினமாகிவிட்டது. ஆனாலும் அழகாக இருப்பது, உடையில் அக்கறை காட்டுவது, பையன்களின் கவனத்தை விரும்புவது போன்றவற்றையும் ஒரு நாவல் குற்றப்பட்டியலில் சேர்க்கிறது என்றால், அங்கே குற்றம் நாவலுடையது.

அவளுக்காக இரக்கப்பட்டால், அவள் நோகடித்த பெண்ணுக்கு அது துரோகம் ஆகாதா?

இரக்கத்தையும் மன்னிப்பையும் ஒன்றாக்கினால் ஆகும். மன்னிப்பு, பாதிக்கப்பட்டவளின் சொத்து. வாசகர் அதை எடுத்துக் கொடுக்க முடியாது. நாவலாசிரியரும் அவளை வற்புறுத்திக் கொடுக்கவைக்கக் கூடாது. கடைசிப் பக்கத்தில் இருவரும் கட்டிக்கொண்டு அழும் முடிவுகளில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஸ்டீஃபன் கிங்கின் 'கேரி' (1974) இந்த விஷயத்தில் கறாரானது. பள்ளிக் குளியலறையில் கேரி என்ற மாணவியைச் சூழ்ந்து கத்திச் சீண்டும் கூட்டத்தில் சூ ஸ்னெல் என்ற பாப்புலர் பெண்ணும் இருக்கிறாள். அவள் தலைவி இல்லை, எதையும் தொடங்கவும் இல்லை. கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள். அப்புறம் அது அவளை உறுத்துகிறது. பள்ளி நடன விழாவுக்குக் கேரியைக் கூட்டிப் போகும்படி தன் காதலனிடம் சொல்கிறாள். இது கேரிக்காகவா, தன் உறுத்தலைத் தீர்த்துக்கொள்ளவா என்று சூவுக்கே சந்தேகம். நல்லெண்ணத்தில் எடுத்த அந்த முடிவு பேரழிவில் போய் முடிகிறது. விசாரணை நடத்துகிறவர்கள் அவளை நம்பவும் மறுக்கிறார்கள்.

கேரியின் வலி இதனால் ஒரு துளிகூடக் குறையவில்லை. சூவுக்கு விடுதலையும் கிடைக்கவில்லை. ஆனாலும் சூ வரும் பக்கங்களில் நமக்கு என்னவோ செய்கிறது. கூட்டத்தோடு சேர்ந்து கத்திய நாள் நம்மில் பலருக்கும் ஒன்று இருக்கும். அதே நாவலில் இன்னொரு பாப்புலர் பெண் கிறிஸ், வக்கீல் அப்பாவை விட்டுத் தலைமையாசிரியரை மிரட்டப் பார்க்கிறாள். அவளுக்கும் ஒரு குடும்பம், ஒரு வளர்ப்பு எல்லாம் இருக்கிறது. இரக்கம் வருவதில்லை. வரவேண்டியதும் இல்லை.

கதை முடிவில் அவள் திருந்தியே ஆகவேண்டுமா?

வேண்டாம். ஆனால் தான் செய்ததை ஒருமுறையாவது நேராகப் பார்க்க வேண்டும்.

டீன் நாவல் என்ற வகையே இல்லாத காலத்தில், 1815 டிசம்பரில் வெளிவந்தது ஜேன் ஆஸ்டினின் 'எம்மா'. அழகு, அறிவு, பணம் எல்லாம் உள்ள, கிட்டத்தட்ட இருபத்தொரு வயதுப் பெண். ஊரின் சமூக விதிகளைத் தானே எழுதுவதாக நினைப்பவள். தன்னைத் தவிர யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காத ஒரு நாயகியை எழுதப் போவதாக ஆஸ்டின் சொன்னதாக அவருடைய அண்ணன் மகன் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். பாக்ஸ் ஹில் சுற்றுலாவில், மிஸ் பேட்ஸ் என்ற ஏழ்மைப்பட்ட, வாய் ஓயாத பெண்ணை எம்மா எல்லார் முன்னாலும் ஒரு வரியில் குத்திவிடுகிறாள். நகைச்சுவைதான், ஆனால் வலிக்கிறது. குடும்ப நண்பரான நைட்லி அவளைக் கண்டிக்கிறார். வண்டியில் வீடு திரும்பும் வழியெல்லாம் எம்மா அழுகிறாள். மறுநாள் காலையே மிஸ் பேட்ஸின் வீட்டுக்குப் போகிறாள்.

பெரிய மன்னிப்புப் பேச்சு எதையும் ஆஸ்டின் அங்கே வைக்கவில்லை. எம்மா முற்றிலும் வேறு ஆளாகவும் மாறிவிடவில்லை. பொது இடத்தில் நடந்த ஒரு காரியம், தனிமையில் ஒரு கண்ணீர், மறுநாள் ஒரு வருகை, அவ்வளவுதான். இன்றைக்கு எழுதுகிறவர்களும் இந்த அளவைத் தாண்ட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

நான் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவளை எப்படி எழுதுவது?

முதலில் அவளுக்கு ஒரு திறமை கொடுங்கள். ஒரு கூட்டத்தைக் கட்டி வைத்திருப்பது சாதாரண வேலை இல்லை. யார் யாரிடம் சண்டை, யார் பிறந்தநாள் எப்போது, எந்தச் சொல் யாரைச் சுடும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மனிதர்களைப் படிக்கத் தெரிந்தவள். அந்தக் கூர்மையைத் தவறாகப் பயன்படுத்துகிறாள். முட்டாளாக எழுதினால் அவள் எப்படி அந்த இடத்துக்கு வந்தாள் என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

அடுத்து, அவள் வேலை செய்வதைக் காட்டுங்கள். ஒரு புகைப்படத்தைப் போட்டுவிட்டு அரை மணி நேரத்தில் எடுத்துவிடுவது. ஒரு மெசேஜைத் தட்டி, அழித்து, மறுபடி தட்டி, கடைசியில் ஒரே ஒரு எழுத்தை அனுப்புவது. பசித்தும் சாப்பிடாமல் இருப்பது. இந்த உழைப்பைப் பார்த்துவிட்ட வாசகரால் அவளைச் சுலபமாக வெறுக்க முடியாது. பூனைக்குட்டியைக் காப்பாற்றும் காட்சியெல்லாம் தேவையே இல்லை, தயவுசெய்து.

கொடுமையைக் குறைக்காதீர்கள். வாசகருக்குப் பிடிக்கவேண்டும் என்பதற்காக முதல் அத்தியாயத்தில் அவள் செய்ததை இரண்டாம் வரைவில் மென்மையாக்குகிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. அப்படிச் செய்தால் இரக்கமும் சேர்ந்து நீர்த்துப்போகும்.

அப்புறம் ஒன்று. அவள் செய்யக்கூடிய நல்ல காரியத்தை அவளைச் செய்யவிடாமல் பாருங்கள். நாயகி அழுதுகொண்டிருக்கும் கழிப்பறைக்குள் அவள் வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாக இருந்தால் என்ன கேட்டிருப்பாள் என்று முகத்தில் தெரிகிறது. பின்னாலேயே இரண்டு தோழிகள் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். அவள் கண்ணாடியைப் பார்த்து உதட்டுச்சாயத்தைச் சரிசெய்துகொண்டு வெளியேறுகிறாள். பக்கம் பக்கமாக ஃபிளாஷ்பேக் செய்யாததை இந்த ஒரு காட்சி செய்யும். அவளுக்கு வழி இருந்தது. அவள் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்றும் நமக்குத் தெரியும்.

கதையை அவள் வாயாலேயே சொன்னால் சுலபமா?

சுலபம் இல்லை. 'நான்' என்று பேச ஆரம்பித்தவுடன் தன்னை நியாயப்படுத்திக்கொள்ளத் தோன்றும், ஆசிரியரும் மயங்கிவிடுவார். அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியாத ஏதோ ஒன்று வாசகருக்கு மட்டும் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். 'எல்லாரும் சிரித்தோம்' என்று அவள் சொல்லும்போது, சிரிக்காத ஒருத்தியை வாசகர் பார்த்துவிட வேண்டும்.

எவ்வளவு முயன்றும் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

பிடிக்க வேண்டாம். அவள் அடுத்து என்ன செய்வாள் என்று தெரிந்துகொள்ள ஆசை இருக்கிறதா? நாவலுக்கு அது போதும்.

என் பள்ளி நாட்களில் இப்படி ஒருத்தி என்னை நிஜமாகவே வதைத்தாள். இந்த மாதிரி நாவல்களைப் படிக்கவே முடியவில்லை.

அப்படியானால் படிக்காதீர்கள். கதைப் பெண்ணிடம் காட்டும் இரக்கத்தை நிஜப் பெண்ணிடமும் காட்டியாக வேண்டும் என்று யாரும் உங்களிடம் கேட்க முடியாது. கதையில் அவள் மனதுக்குள் நடப்பதை ஆசிரியர் நமக்குக் காட்டுகிறார். உங்களை வதைத்தவள் அப்படி எதையும் உங்களுக்குக் காட்டவில்லை. பாதியில் மூடிவைத்த புத்தகத்தைப் பல வருடம் கழித்து எடுத்தவர்களும் உண்டு, எடுக்காமலே விட்டவர்களும் உண்டு.

என் மகளுக்கு இந்தப் பாத்திரத்தைத்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது. கவலைப்பட வேண்டுமா?

பெரும்பாலும் தேவையில்லை. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளுக்கு, யாருக்கும் பயப்படாமல் வெடுக்கென்று பேசும் பெண்ணைப் பார்ப்பதே பெரிய சந்தோஷம். எந்தக் காட்சி பிடித்தது என்று கேட்டுப்பாருங்கள். அவள் நடந்து வரும் காட்சி, பதிலடி கொடுக்கும் காட்சி என்றால் விட்டுவிடுங்கள். இன்னொருத்தி அழும் காட்சிதான் பிடித்தது என்றால், அந்த அழுகிற பெண் அவளுக்கு யாரை நினைவுபடுத்துகிறாள் என்று அடுத்துக் கேளுங்கள். உபதேசத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கேளுங்கள், அப்போதுதான் பதில் வரும்.